கடலில்லாத ஊரில் மீன் முள்: வேலூரில் ஐந்து நாள்

முதல் நாள், ஞாயிறு

விழுப்புரத்தில் ஏறி, காட்பாடி போகும் பயணிகள் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டேன். திருவண்ணாமலையில் பாதிப் பெட்டி இறங்கியது. போளூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். கடலூர் முதுநகரில் பிறந்த எனக்குக் கண் முட்டும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் கல் நிற்பது எப்போதும் புதிதாகத்தான் இருக்கிறது. பங்குனி வெயிலில் பாலாறு முழுக்க மணல்.

நான் விலங்கியல் ஆசிரியை. காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து நாள் பயிற்சி. இன்றைக்கு வந்து சேர்வதும் கணக்கில் சேர்த்தி. விஷ மீன்களின் நஞ்சை மரபணு வழியாகவும் புரதம் வழியாகவும் எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். கடலே இல்லாத ஊரில் மீன் விஷமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை. அவர் வலது கை நடுவிரலில் ஒரு வடு உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் வலையிலிருந்து இருங்கெளுத்தியை எடுக்கும்போது முள் ஏறியது. கரைக்கு வர மூன்று மணி நேரம். அன்றைக்கு அவர் படகின் பலகையைக் கடித்துக்கொண்டே வந்தாராம். கை தோள் வரைக்கும் வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் வைத்துக் கையை அதில் இறக்கினாள். "கொஞ்சம் ஆறுது, கொஞ்சம் ஆறுது" என்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் விலங்கியல் எடுத்ததற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

இரண்டாம் நாள், திங்கள்

காலை முழுக்க வகுப்பு. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

முதலில் ஒரு கணக்கு. மீன்களில் நஞ்சு என்பது ஒரே ஒரு முறை தோன்றி எல்லா வம்சத்துக்கும் பரவியது இல்லை. 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மீன் இனங்களின் வம்ச மரத்தை வைத்துப் பார்த்து, நஞ்சு 18 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று சொன்னது. திருக்கை, சுறா வகையில் 4 முறை, விலாங்கு வகையில் ஒரு முறை, கெளுத்தி வகையில் ஒரு முறை, மீதி 12 முறை முள்துடுப்பு மீன்களில். நஞ்சுள்ள மீன் இனங்கள் குறைந்தது 2,386 இருக்கும் என்றும் அதே ஆய்வு கணித்தது. நஞ்சுள்ள பாம்பு இனங்களைவிட இது பல மடங்கு. ஆனால் நன்றாகப் படிக்கப்பட்ட மீன் நஞ்சு எத்தனை என்று கேட்டால் இரண்டு கை விரல் போதும்.

ஏன் இப்படி? பாம்பைப் பிடித்துப் பல்லை ஒரு கிண்ணத்தின் விளிம்பில் அழுத்தினால் நஞ்சு சொட்டும். மீனிடம் அது நடக்காது. பெரும்பாலான மீன்களில் முள்ளுக்குள் குழாய் கிடையாது, நஞ்சு தேங்கும் பையும் கிடையாது. முள்ளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் நஞ்சு செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முள் சதையில் ஏறும்போது அந்தத் தோல் கிழிந்து, செல்கள் உடைந்து, நஞ்சு காயத்தில் சேரும். அதனால் ஆய்வுக்கு நஞ்சு வேண்டுமென்றால் முள்ளைச் சுரண்டி அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பதில் தோலின் வழவழப்பும் ரத்தமும் கலந்துவிடும். அதற்கு மேல், இந்தப் புரதங்கள் சூடு பட்டால் கெடும், உறைய வைத்து உருக்கினால் கெடும், சும்மா வைத்திருந்தாலும் வீரியம் குறையும்.

நன்றாகப் படிக்கப்பட்டவற்றில் தலையாயது கல்மீன். பாறை மாதிரியே கிடக்கும், முதுகில் 13 முள். அதன் நஞ்சிலிருந்து ஸ்டோனஸ்டாக்சின் என்ற புரதத்தை 1991இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு ஜோடிப் புரதம்: ஆல்ஃபா 71 கிலோடால்டன், பீட்டா 79 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு அது). 1996இல் இரண்டுக்குமான மரபணு வரிசையும் வந்தது. செல்லை விட்டு வெளியேறும் புரதங்களுக்கு வழக்கமாக முன்பக்கம், வெளியே அனுப்பு என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு சமிக்ஞைத் துண்டு இருக்கும். இவை இரண்டிலும் அது இல்லை. செல் உடைந்தால்தான் நஞ்சு வெளியே வரும் என்று நுண்ணோக்கியில் பார்த்ததோடு அது அப்படியே பொருந்துகிறது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரபணுவில் இல்லாத ஒரு சின்னத் துண்டு, முள்ளின் அமைப்பையே சொல்லிக் கொடுக்கிறது.

2015இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் அதன் முப்பரிமாண வடிவத்தையும் கண்டார்கள். நம் உடம்பில் கிருமி புகுந்த செல்லை ஓட்டை போட்டுக் கொல்லும் பெர்ஃபோரின் என்ற புரதத்துக்குக் கல்மீன் நஞ்சு தூரத்துப் பங்காளி. பல புரதங்கள் வளையமாகக் கைகோத்து நின்று, செல்லின் சவ்வில் துளை போடும். துளை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே, வெளியே இருப்பது உள்ளே. அப்புறம் அந்தச் செல் பிழைக்காது.

மதியம் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். பொதுத் தரவுத்தளத்திலிருந்து கல்மீன் நஞ்சின் வரிசையை இறக்கி, மற்ற மீன்களின் வரிசைகளோடு ஒப்பிட்டோம். சிங்க மீனிடம் ஏறக்குறைய அதே ஜோடி இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் அதை வெளியிட்டார்கள். கல்மீன் கொட்டுக்கு ஆஸ்திரேலியாவில் 1959இல் குதிரையில் செய்த முறிமருந்து, ஆய்வகச் சோதனையில் சிங்க மீன் நஞ்சையும் மட்டுப்படுத்துவது ஏன் என்பதற்கு இப்போது எழுத்து எழுத்தாகச் சாட்சி கிடைத்துவிட்டது. கடல் மீன் கொட்டுக்கு விற்பனையில் இருக்கும் முறிமருந்து இன்று வரை அந்த ஒன்றுதான்.

எனக்கு உதவியாக இருக்கும் ஆய்வு மாணவன் ஆற்காட்டுப் பையன், என்னை அக்கா என்கிறான். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அவன் ஒன்று கேட்டான். "கல்மீன், சிங்க மீன்னு எல்லாம் சரிக்கா. எங்க ஏரியில தேளி குத்துதே, அதோட வரிசை எங்க?" தேளி ஏரிகளில் வாழும் ஒரு கெளுத்தி வகை. அதே தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தோம். தேளியின் வளர்ச்சி பற்றி, இனப்பெருக்கம் பற்றி, மூச்சு பற்றி எவ்வளவோ இருந்தது. அதன் முள்ளைப் பற்றி நாங்கள் தேடியது கையில் சிக்கவில்லை. நாளைக்குக் காவேரிப்பாக்கம் போகலாம் என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்றைய பதிவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. வாலாஜாபேட்டை பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வரும். பெங்களூர் நெடுஞ்சாலையில் பேருந்து போகும்போதே கரை தெரிகிறது. கரை மேல் ஏறி நின்றால் எதிர்க்கரை புகையாகத்தான் தெரிகிறது. கல்லையே இரண்டு நாளாகப் பார்த்த கண்ணுக்கு அவ்வளவு தண்ணீர் ஆறுதலாக இருந்தது.

விடியற்காலை வலை எடுத்தவர்கள் மதகுப் பக்கம் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கெண்டை, ஜிலேபி, விரால். வயதான ஒருவரிடம் ஒரு அலுமினியக் குண்டான். அதில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. உள்ளே கறுப்பும் பழுப்புமாக ஏழெட்டுத் தேளி நெளிந்துகொண்டிருந்தன.

"எல்லாம் உசுரா இருக்கேண்ணே?"

"இது சாவுமா? ஈரத் துணியில சுத்தி வெச்சா ராத்திரி வரைக்கும் கெடக்கும். நீ எங்கம்மா, காலேஜா?"

சொன்னேன். அவர் ஒரு மீனைத் தலைக்குப் பின்னால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். தேளிக்கு முதுகில் முள் கிடையாது. முதுகுத் துடுப்பே சின்னது. ஆயுதம் இரண்டும் மார்புத் துடுப்பில், தலைக்கு இரு பக்கமும். மீன் பயந்தால் அந்த முள்ளை விறைத்துப் பக்கவாட்டில் நிறுத்தும். நிறுத்தியதும் அடிமூட்டு பூட்டிக்கொள்ளும். அவர் பெருவிரலால் பின்னோக்கி அழுத்திக் காட்டினார், மடங்கவில்லை. அப்புறம் லேசாக ஒரு திருகு. சட்டென்று மடிந்துவிட்டது. அந்தத் திருகலை நான் பத்து தடவை பார்த்தும் என் விரலுக்கு வரவில்லை.

முள்ளைக் கைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தையல் ஊசி நீளம்கூட இல்லை. உள்விளிம்பில் ரம்பம் மாதிரி பின்பக்கம் சாய்ந்த பற்கள். அதன் மேல் ஈரமான கருந்தோல், நுனியில் கொஞ்சம் உரிந்திருந்தது. அந்தத் தோலின் அடியில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே போகும்போது தோல் கிழியும், வெளியே இழுக்கும்போது பற்கள் சதையைக் கிழிக்கும். நஞ்சும் காயமும் ஒன்றாகவே வரும்.

"குத்தினா என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? உயிரு போயி உயிரு வரும். அடுப்பாண்ட கையக் காட்டினு உக்காந்துனு இருப்பேன். வூட்ல வெந்நி வெச்சிக் குடுப்பாங்க. சூடு பட்டாத்தான் அடங்கும்."

என் அம்மா செய்ததும் இதைத்தான். கடலூரிலும் காவேரிப்பாக்கத்திலும் ஒரே மருத்துவம். உலகம் முழுக்க மீன் கொட்டுக்கு மருத்துவப் புத்தகங்கள் முதலில் சொல்லும் முதலுதவியும் அதுவே: பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை. ஒரு விஷயம் மட்டும் அவரிடம் அழுத்திச் சொன்னேன். குத்திய கைக்கு அந்த நேரத்தில் சூடு சரியாகத் தெரியாது. அதனால் முதலில் நல்ல கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குத்துப்பட்ட கையை இறக்க வேண்டும். அடுப்பருகே காட்டினால் தோல் வெந்துவிடும். முள் துண்டு உள்ளே நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தண்ணீர்க் காயம் சீழ் வைக்கும், டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். அவர் கேட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு மீனு குத்திச்சின்னு போனா யாரு பார்ப்பாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏரியில் வேலை செய்கிறவர்களுக்குத் தேளிக் குத்து வருடத்துக்கு எத்தனை தடவை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காத வலி ஆய்வுக்கும் வராது. இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

தேளி குறைந்துவிட்டது என்றும் சொன்னார். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படியோ தண்ணீரில் சேர்ந்துவிடுகிறது, கண்டதையெல்லாம் தின்கிறது என்பது அவர் வருத்தம்.

இரண்டு மீன் வாங்கினோம். இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மரபணு வேலைக்கு ஆர்.என்.ஏ. வேண்டும். டி.என்.ஏ. எல்லாச் செல்லிலும் ஒன்றுதான், அது வீட்டில் இருக்கும் மொத்த மளிகை. ஆர்.என்.ஏ. என்பது இன்றைக்கு இந்த அடுப்பில் என்ன உலை ஏறியிருக்கிறது என்பது. முள்ளின் தோலில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று அதுதான் சொல்லும். ஆனால் மீன் செத்ததும் அது கரைய ஆரம்பித்துவிடும். பேருந்தில் உயிருள்ள மீனை வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று நினைத்து, ஒன்றைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கிச் சாகவைத்து, முழுசாக ஐஸில் புதைத்தேன். கையோடு கொண்டுவந்திருக்க வேண்டிய ஆர்.என்.ஏ. காப்புத் திரவத்தை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டேன்.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா அத்த சாவடிச்ச? உசுரோடவே எட்த்துனு போயேன்" என்று சொல்லி, இரண்டாவதைச் சின்ன மண் கலயத்தில் போட்டு, நாலு கை தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கால் வாயைக் கட்டிக் கொடுத்தார். தேளிக்குச் செவுளுக்குப் பின்னால், வால் பக்கம் வரை ஓடும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. காற்றையே சுவாசிக்கும். எனக்கு இது பாடமாகத் தெரியும். வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறேன். அதை அந்த நேரத்தில் பயன்படுத்தத் தோன்றியது அவருக்குத்தான்.

வழியில் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. காட்பாடி வந்து பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர்.

நான்காம் நாள், புதன்

நேற்று ராத்திரியே இரண்டு மீனின் முள் தோலையும் தனித்தனியாக எடுத்து, ஆர்.என்.ஏ. பிரித்து வைத்திருந்தோம். கூடவே ஒவ்வொரு மீனின் முதுகுத் தோலிலிருந்தும் ஒரு துண்டு. அது ஒப்பீட்டுக்கு. முள் தோலில் மட்டும் அதிகமாகவும், முதுகுத் தோலில் குறைவாகவும் வேலை செய்யும் மரபணுக்களில்தான் நஞ்சைத் தேட வேண்டும். இரண்டிலும் சமமாக இருப்பது வெறும் தோலின் வழவழப்பு.

காலையில் ஜெல் ஓட்டினோம். மின்சாரம் பாய்ச்சினால் மாதிரியில் இருக்கும் துண்டுகள் அந்தக் கூழ்ப் பலகையில் அளவு வாரியாகப் பிரியும், ஒவ்வொரு மாதிரிக்கும் தனித் தடம். இருட்டறையில் ஒளி போட்டதும் மாணவன் "அக்கா, பாருங்க" என்றான். ஐஸில் வந்த மீனின் தடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே பூச்சு, மாவு கரைத்து ஊற்றினாற்போல. கலயத்தில் வந்த மீனின் தடத்தில் இரண்டு கோடுகள், கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக. மேல் கோடு கீழ்க் கோட்டைவிட இரண்டு மடங்கு பிரகாசம். ஆர்.என்.ஏ. உடையாமல் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவரிடம் காட்ட வேண்டும்.

மாதிரி இனி வரிசைப்படுத்த வெளியே போகும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக வரும் எழுத்துகளை ஒன்றோடொன்று பொருத்தி முழு வரிசையாக்க வேண்டும், பிறகு தெரிந்த நஞ்சுகளோடு ஒப்பிட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கெளுத்தியின் நஞ்சு கல்மீனின் வம்சத்தில் வந்தது இல்லை, தனியாகத் தோன்றியது. கல்மீன் மாதிரியே தேடிக்கொண்டிருந்தால் தேளியிடம் புதிதாக இருப்பது கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் மரபணு மட்டும் போதாது, புரதமும் பக்கத்தில் வேண்டும்.

மதியம் பயிற்றுநர் ஒருவர் சொன்ன கதையை மறக்க முடியாது. பவளப்பாறையில் வாழும் கோரைப்பல் பிளென்னி என்ற விரல் நீள மீனைப் பற்றி 2017இல் வந்த ஆய்வு அது. அதற்கு முள்ளில் நஞ்சில்லை, கீழ்த்தாடையின் இரண்டு கோரைப் பற்களில் நஞ்சு. நஞ்சில் அபின் வகையைச் சேர்ந்த என்கெஃபலின் இருந்தது. எலியில் செலுத்தியபோது வலிக்கான அறிகுறியே இல்லை. ரத்த அழுத்தம்தான் இறங்கியது. தேளியின் நஞ்சு ஒரு விரலில் ஏறினால் ஆள் அலறுகிறார், இந்த மீன் கடித்தால் எதிரிக்குத் தலை சுற்றுகிறது. மீன் நஞ்சு என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது எத்தனை விதம்! சிங்க மீன் நஞ்சை எலிகளின் புற்றுக்கட்டி மேல் சோதித்த ஆய்வுகள் எங்கள் பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்திருக்கின்றன. அவை எலி ஆய்வுகள்தான், மருந்து ஆகவில்லை.

சாயங்காலம் கோட்டை வரைக்கும் நடந்தோம். அகழித் தண்ணீரைப் பார்த்து மாணவன் "இதிலயும் தேளி இருக்குமோ?" என்றான்.

ஐந்தாம் நாள், வியாழன்

புரத வேலை. கலயத்து மீனின் முள் தோலை ஐஸ் மேல் வைத்து, புரதம் சிதையாமல் காக்கும் மருந்து சேர்த்த குளிர்ந்த கரைசலில் அரைத்து, சுழற்றி, மேல்நீரை ஜெல்லில் ஓட்டி, நீலச் சாயம் போட்டோம். சாயத்தைக் கழுவக் கழுவ நீலப் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முள் தோல் தடத்தில் இருந்த இரண்டு பட்டைகள் முதுகுத் தோல் தடத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. அவை நஞ்சு என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அந்தப் பட்டைகளைப் பிளேடால் வெட்டி எடுத்துக் குழாயில் போட்டோம். டிரிப்சின் என்ற நொதி அவற்றைச் சின்னத் துண்டுகளாக நறுக்கும், நிறைமானி ஒவ்வொரு துண்டின் எடையையும் அளக்கும். அந்த எடைகளை ஆர்.என்.ஏ. தரும் வரிசையோடு வைத்துப் பார்த்தால் இன்ன பட்டை இன்ன மரபணுவிலிருந்து வந்தது என்று தெரியும். மரபணு இல்லாமல் எடை மட்டும் இருந்தால் பெயரில்லாத ஆள். எடை இல்லாமல் மரபணு மட்டும் இருந்தால் ஆளில்லாத பெயர்.

வெந்நீர் ஏன் வேலை செய்கிறது என்று கடைசி வகுப்பில் கேட்டேன். நஞ்சுப் புரதம் சூட்டில் கெட்டுப்போவதால் என்பது ஒரு கட்சி. தோலுக்கு மேல் 45 டிகிரி என்றால் சதைக்குள் அவ்வளவு சூடு ஏறாது, சூடுதான் வலிச் செய்தியை நரம்பிலேயே மறிக்கிறது என்பது இன்னொரு கட்சி. என் மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. தேளியின் புரதம் கையில் கிடைத்தால், எத்தனை டிகிரியில் அது கெடுகிறது என்று நாமே வைத்துப் பார்த்துவிடலாம்.

மூன்று மணிக்கு ஆய்வகத்தை விட்டுக் கிளம்பினேன். மாணவன் ரயிலடி வரை வந்தான். அடுத்த வாரம் மண் கலயத்தைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்து, ஜெல் படத்தையும் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னான்.

இதை ரயிலில் எழுதுகிறேன். கண்ணமங்கலம் தாண்டியாயிற்று. அப்பாவிடம் பேசினேன். காவேரிப்பாக்கத்துப் பெரியவரைப் பற்றிச் சொன்னதும் நிறைய நேரம் கேட்டார், அடுப்பில் கை காட்டுவதைச் சொன்னபோது "அய்யோ" என்றார். அப்புறம் நான், 1990களில் கொல்கத்தா ஆய்வாளர்கள் இருங்கெளுத்தியின் நஞ்சிலிருந்து ஏறத்தாழ 15 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கொல்லும் புரதத்தைப் பிரித்ததைச் சொன்னேன். "அப்போ என்னைக் குத்தினதுக்குப் பேரு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். வைத்திருக்கிறார்கள் அப்பா, டாக்சின் பி.சி. என்று.

"மரபணுவும் பார்த்தாச்சா?"

"நீங்க ஒண்ணு பிடிச்சுக் கொடுத்தா பார்க்கலாம்பா. ஆனா அது தேளி இல்ல, கலயத்துல உயிரோட வராது. படகுல வெச்சே முள்ளை எடுக்கணும். நான் மருந்துப் புட்டி கொண்டுவரேன்."

"எப்ப?"

"இந்த சனிக்கிழமை."

"சரி. வெந்நீருக்கு பிளாஸ்க் எடுத்துக்கிறேன்" என்றார்.